4ஏஜிஇ 20வி பிளாக்டாப்: த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து ஃபினிஷ் போட என்ன வழி?

செந்தூல்ஏஇ:
அண்ணன்மாரே, வணக்கம். ஹாஃப்கட்டில் (ஜப்பானில் பாதியாக வெட்டி வரும் பழைய கார்) வந்த 4ஏஜிஇ 20வி பிளாக்டாப், அதாவது கறுப்பு மூடி போட்ட 20 வால்வு டொயோட்டா எஞ்சின், என் ஏஇ101 கொரோலாவில் ஏறியிருக்கிறது. சிலிண்டருக்கு ஒன்றாக எஞ்சினுக்குக் காற்று விடும் நான்கு த்ராட்டில் பாடியும் வெளியே வெள்ளை பூத்திருக்கிறது. உள்ளே பட்டர்ஃப்ளை (காற்றைத் திறந்து மூடும் வட்டத் தட்டு) ஓரமெல்லாம் கறுப்புப் பிசின். எஞ்சின் சூடானதும் ஐடில் (பெடலை மிதிக்காதபோது ஓடும் வேகம்) 1,200-க்கும் 1,700 ஆர்பிஎம்முக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான்கையும் கழற்றி மேசையில் வைத்தாயிற்று.

செகாம்புட்டில் ஒரு கடையில், பிரிக்காமலே சாண்ட்பிளாஸ்ட் அடித்து கறுப்பு பவுடர் கோட் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். சரிவருமா? பட்டர்ஃப்ளையைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா? உள்ளே எந்த கிளீனர் போடலாம்? திரும்ப மாட்டியபிறகு நான்கையும் எப்படிச் சமப்படுத்துவது?

போமேன்கெப்போங்:
தம்பி, பிரிக்காமல் மணல் அடிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வாயை டேப் போட்டு அடைத்தாலும் ஷாஃப்ட் (பட்டர்ஃப்ளை சுழலும் தண்டு) துளை வழியாகவும் வாக்குவம் நிப்பிள் வழியாகவும் தூள் உள்ளே போகும். அலுமினியம் ஆக்ஸைடு துகள் சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. ஷாஃப்ட் பேரிங்கில் ஒரு சிட்டிகை தங்கினாலும், எஞ்சின் ஓட ஓட அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்பட்டு பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் (உட்சுவர்) கீறும். எத்தனை தடவை காற்றடித்தாலும் பேரிங்கிலிருந்து முழுசாக வராது.

பிரிப்பதா வேண்டாமா என்பதை ஷாஃப்ட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்கு ஆட்டம் தெரியவில்லை, சீல் நொறுங்கவில்லை, திறந்து விட்டால் எங்கும் பிடிக்காமல் டப்பென்று மூடுகிறது என்றால் பட்டர்ஃப்ளையைத் தொடவே வேண்டாம். உள்ளே கிளீனர், வெளியே கைவேலை, அவ்வளவு போதும். ஆட்டம் இருந்தாலோ, பிளாஸ்ட் ஃபினிஷ்தான் வேண்டும் என்றாலோ முழுசாகப் பிரியுங்கள். பாதி பிரித்து பாதி டேப் ஒட்டும் வேலை ஆகாது.

பிரிக்கும்போது கவனமெல்லாம் பட்டர்ஃப்ளை ஸ்க்ரூவில் இருக்கட்டும். கழன்று விழாமலிருக்க அதன் மறுமுனையை ஃபேக்டரியில் தட்டி விரித்திருப்பார்கள். அப்படியே திருகினால் விரிந்த முனை ஷாஃப்ட்டின் மரையை அரைத்துக்கொண்டு வரும், இல்லையென்றால் ஸ்க்ரூ தலை வழுக்கிவிடும். சின்ன கிரைண்டிங் கல்லால் முனையை ஷாஃப்ட் மட்டத்துக்குத் தேய்த்துவிட்டுத்தான் திருக வேண்டும். அப்போது ஷாஃப்ட்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், வளையக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனையாக இருக்கட்டும். ஜப்பான் ஸ்க்ரூவில் சாதாரண ஃபிலிப்ஸ் முழுசாக உட்காராது, அதனால்தான் தலை கெடுகிறது.

பட்டர்ஃப்ளையின் ஓரம் சாய்வாகக் கடையப்பட்டது. திருப்பிப் போட்டால் பிடிக்கும், அல்லது காற்று விடும். எந்த சிலிண்டர், எது மேல், எந்த முகம் எஞ்சின் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கர் கிளீனரில் அழிந்துவிடும். தட்டின் நடுவில் ஊசியால் லேசாகக் கீறி, தனித்தனிப் பையில் போடுங்கள்.

கிளீனர் விஷயம். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் ஸ்ப்ரே, மிருதுவான பிரஷ், பருத்தித் துணி. ஸ்ப்ரேயை நேராக ஷாஃப்ட் சீலில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். கடுமையான கார்ப் கிளீனரும் குளோரின் கலந்த பிரேக் கிளீனரும் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். அடுப்பு கிளீனர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கறுக்க வைத்து அரித்துவிடும். இன்னொன்று: பல ஜப்பான் த்ராட்டில்களில் பட்டர்ஃப்ளை ஓரத்திலும் அது உட்காரும் இடத்திலும் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அது அழுக்கு இல்லை; மூடிய நிலையில் இடைவெளியை அடைப்பதற்காகவே பூசியது. ஸ்காட்ச்பிரைட் போட்டுப் பளபளப்பாக்கினால் ஐடில் காற்று கூடிவிடும். த்ராட்டிலின் காற்றுத் துளையான போரின் உள்ளே பாலிஷ் போடாதீர்கள் என்பதும் இதனால்தான்.

பிரித்த வெற்று பாடியை அல்ட்ராசோனிக் தொட்டியில் 50 முதல் 60 டிகிரியில் 10 நிமிடம் விடலாம். அலுமினியத்துக்கு ஏற்ற லேசான கரைசல் போதும். அதிக நேரம் விட்டால் மேற்பரப்பு கறுக்கும். எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்து, 100 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் காயவையுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் அப்படியே வைத்தால் மறுநாளே திட்டுத்திட்டாக வெள்ளை பூக்கும்.

திரும்பப் பூட்டும்போது புது ஸ்க்ரூதான், அதே அளவு, அதே நீளம். தளர்வாக மாட்டி, ஷாஃப்ட்டை மூடி இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தட்டுங்கள். தட்டு தானாக நடுவுக்கு வரும். பிறகு விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மூன்றாம் பிறை மாதிரி வெளிச்சம் விழுந்தால் தட்டு ஒதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் ஒரே மாதிரி இருட்டாக வந்தபிறகு ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய்ப்பசை துடைத்து, லாக்டைட் 243 (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். கடைசியில் முட்டுக் கொடுத்து முனையைத் தட்டி விரித்துவிடுங்கள். இங்கே ஒரு ஸ்க்ரூ கழன்றால் நேராக வால்வைத் தாண்டி பிஸ்டன் தலைக்குத்தான் போகும்.

ஜெலுத்தோங்பிளாஸ்ட்:
ஃபினிஷ் பற்றி மட்டும் சொல்கிறேன். முழுசாகப் பிரித்த பாடிக்கு வேப்பர் பிளாஸ்ட்தான் என் தேர்வு. தண்ணீரோடு கண்ணாடி மணி கலந்து அடிப்பதால் மேற்பரப்பு கீறாமல் புது வார்ப்பு மாதிரி சாம்பல் வெள்ளையாக வரும். அப்போதும் போர், கேஸ்கட் முகம், ஷாஃப்ட் துளை, இன்ஜெக்டர் உட்காரும் குழி எல்லாவற்றுக்கும் ரப்பர் பிளக் கட்டாயம். அடித்தபிறகு ஒவ்வொரு வாக்குவம் துளையிலும் மெல்லிய கம்பியை விட்டு, சுடுதண்ணீரில் அலசி, காற்றடிக்க வேண்டும்.

பவுடர் கோட்டில் இரண்டு சிக்கல். ஒன்று, வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். 180 முதல் 200 டிகிரி அவனில் அது வாயுவாகி வெளியேறும்போது பூச்சில் ஊசித்துளையும் கொப்புளமும் வரும். பவுடர் அடிக்கும் முன் வெறும் பாடியை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஒரு மணி நேரம் வேகவைத்து, மறுபடி கிரீஸ் நீக்கித் துடைத்தால்தான் நிற்கும். இரண்டாவது, பவுடர் 60 முதல் 80 மைக்ரான் தடிமன் ஏறும். லிங்கேஜ் (த்ராட்டில்களை இணைக்கும் நெம்புகோல்) உரசும் இடத்திலும் டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) உட்காரும் முகத்திலும் அது ஏறினால் த்ராட்டில் ஒட்டிக்கொண்டு மூடாமல் நிற்கும். ரோட்டில் அது ஆபத்து. அங்கெல்லாம் சூடு தாங்கும் டேப் போடச் சொல்லுங்கள்.

வெறும் உலோகமாக விட ஆசை என்றால், கோலாலம்பூரில் ஓரளவு தாங்கும். இங்கே பினாங்கில் கடல்காற்று பட்டு சீக்கிரமே புள்ளி விழுகிறது. அதனால் எட்ச் பிரைமருக்கு மேல் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) சாட்டின் பெயின்ட் அடிப்பேன். சாதாரண கேன் பெயின்ட் பெட்ரோல் சொட்டியவுடன் சுருங்கிவிடும். 2கே நன்றாக இறுகியபிறகு தாங்கும். 2கே அடிக்கும்போது ஐசோசயனேட் ஆவி வரும், துணி மாஸ்க் போதாது. அனோடைஸ் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்பில் திட்டுத்திட்டான மங்கல் சாம்பல்தான் வரும்.

கேஸ்கட் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து 0.05 மிமீ ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் வெட் பேப்பர் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள்.

பூச்சோங்ட்யூன்:
ஐடில் ஏறி இறங்குவதற்கு அழுக்கு மட்டும் காரணமில்லை. எங்கோ கள்ளக்காற்று புகுந்து ஆர்பிஎம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்க வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும் இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை வெட்டுகிறது, விழுந்ததும் திரும்ப விடுகிறது. அதுதான் அந்த ஊசலாட்டம். பிளாக்டாப்பில், அதற்கு முந்தைய சில்வர்டாப் எஞ்சின் மாதிரி காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் கிடையாது, இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அதனால் வாக்குவம் குழாய் ஒன்று வெடித்திருந்தாலும் மொத்தக் கணக்கும் கெடும். மாட்டும்போது எல்லா ரப்பர் குழாயும், ஹெட் கேஸ்கட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இன்டேக் பக்கக் கேஸ்கட்டும், இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் புதுசு போடுங்கள். இன்ஜெக்டருக்கு வைட்டான் ரப்பர் கேளுங்கள்.

சமப்படுத்தும் முன் எஞ்சின் முழுச் சூட்டில், ஃபேன், ஏசி நின்ற நிலையில் இருக்கட்டும். டயக்னாஸ்டிக் கனெக்டரில் டிஇ1, இ1 இரண்டையும் ஜம்பர் (கம்பியால் இணைப்பு) செய்து இக்னிஷன் டைமிங் 10 டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஜம்பரை எடுங்கள். பிறகு சின்க்ரோமீட்டரை (காற்றோட்டம் அளக்கும் கருவி) ஒவ்வொரு டிரம்பெட் (காற்று நுழையும் புனல்) வாயிலும் காற்று கசியாமல் அழுத்தி வையுங்கள். லிங்கேஜ் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் த்ராட்டிலை ஒருமுறை திறந்து மூடியபிறகே அளவைப் படியுங்கள். ஐடிலில் சரியானதும் 2,500-ல் பிடித்து மறுபடி அளங்கள். ஐடிலில் சமம், 2,500-ல் விலகல் என்றால் லிங்கேஜ் மூட்டில் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபேக்டரி பெயின்ட் வைத்து அடைத்த ஸ்டாப் ஸ்க்ரூவை ஐடில் குறைக்கத் திருகாதீர்கள்.

டிபிஎஸ்ஸை மல்டிமீட்டரில் பாருங்கள். மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுசாகத் திறந்தால் 4 வோல்ட்டுக்குப் பக்கம். நடுவில் எங்கும் துள்ளாமல் ஏற வேண்டும். ஐடில் கான்டாக்ட் உள்ள டிபிஎஸ் என்றால் மூடியவுடன் அது இணைகிறதா என்பதையும் பாருங்கள்.

செந்தூல்ஏஇ:
மிக்க நன்றி அண்ணன்மாரே. மூன்றாவது சிலிண்டர் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறது, அதனால் முழுசாகப் பிரிக்கிறேன். சின்க்ரோமீட்டர் கைவசம் இல்லை. வாக்குவம் கேஜ் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை வைத்துச் செய்யலாமா?

பூச்சோங்ட்யூன்:
செய்யலாம். அதே கேஜ், அதே குழாய், நான்கு நிப்பிளிலும் மாற்றி மாற்றி மாட்டுங்கள். அளக்காத நிப்பிள்களை மூடி வையுங்கள். ஊசி துடித்தால் குழாயில் சின்ன ஜெட் ஒன்றைச் சொருகுங்கள், அடங்கும். அளவெடுக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்துவிடுங்கள் தம்பி. ஒரு சிலிண்டர் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் வாக்குவமும் குறைவாகக் காட்டும். அதை த்ராட்டில் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகினால் மற்ற மூன்றும் கெடும்.

போமேன்கெப்போங்:
எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வையும் மாற்றிவிடுங்கள். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வராத பழைய வால்வு ஒட்டிப்போய்விட்டது. எண்ணெய் ஆவி த்ராட்டில் பக்கம் வந்து அந்தக் கறுப்புப் பிசின் மறுபடி படியும்.