நாற்பதாம் பக்கத்தில் விட்ட புத்தகத்துக்கு நட்சத்திரம் போடலாமா?

குகைவாசி:
நம் வாசகர் குழுவில் 'கொண்டை ஊசி' நேற்று போட்ட வருட வாசிப்புக் கணக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படித்து முடித்தது 61, பாதியில் விட்டது 23. கணக்கு எழுதி வைப்பது நல்ல பழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. சங்கடம் அந்த 23-ல்தான். விட்ட புத்தகங்களுக்கும் நட்சத்திரம் போட்டு, கீழே நாலு பத்தி விமர்சனமும் எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்று உர்சுலா லெ குவின் 1969-ல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' என்ற அறிவியல் நாவல். விமர்சனத்தின் சாரம் இது: 40 பக்கத்தில் விட்டேன், அரசியல் பேச்சு அதிகம், எஸ்ட்ராவன் என்ற அமைச்சர் நம்பத்தகாத ஆள், ஒட்டவே முடியவில்லை, 2 நட்சத்திரம்.

குடும்ப நாவல் என்றால் நாற்பது பக்கத்தில் ஓரளவு பிடிபட்டுவிடும். மாமியார் எப்படி, கடன் யாரிடம், எந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை எல்லாம் தெரிந்துவிடும். ஏனென்றால் அந்த வீடு நமக்கு ஏற்கனவே தெரிந்த வீடு. வேற்று உலகக் கதையில் ஆசிரியர் மண் கொட்டி, ஊரைக் கட்டி, அப்புறம்தான் ஆளைக் குடிவைக்க முடியும். சாரம் கட்டியிருக்கும்போதே வந்து பார்த்துவிட்டு வீடு கோணல் என்று எழுதினால் எப்படிம்மா?

கொண்டை ஊசி:
வணக்கம் சார். என் பெயரைச் சொல்லியே கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன்.

வேலைக்காகத் தினமும் ஏற்காடு போய் வருகிறேன். அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினால் அடிவாரம் வரை படிக்கலாம். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டும். அதனால் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை யோசித்துக்கொண்டே போவேன். ஒரு புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை அந்த இருபது வளைவுதான் சொல்லும். பிடித்த கதை ஏரிக்கரையில் இறங்கும் வரை மனதில் ஓடும். பிடிக்காத கதை என்றால் ஐந்தாவது வளைவிலேயே சாயங்காலத்துக்கு என்ன காய் வாங்குவது என்ற யோசனை வந்துவிடும். லெ குவின் அம்மா மூன்று நாள் தொடர்ந்து காய்கறிக் கடையில்தான் இறங்கினார்.

அதைத்தான் எழுதினேன். எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு 'உலகத் தரம்' என்று எழுதுகிறவர்களை நீங்கள் ஒன்றும் கேட்பதில்லை. நாற்பது பக்கம் படித்தேன் என்று உண்மையைச் சொன்னவளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

தட்டுவடை செட்:
அக்கா பக்கம் நான். அமெரிக்காவில் நான்சி பேர்ல் என்று ஒரு நூலகர் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரைக்கும் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டால் நூறிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள், வருகிற எண்ணிக்கை போதும். வயது ஏற ஏற மிச்சமிருக்கும் நாள் குறைவு இல்லையா? சார், உங்களுக்கு எத்தனை பக்கம் வருகிறது?

குகைவாசி:
எனக்கு 68 வயது, 32 பக்கம் வருகிறது. நன்றி தம்பி, காலையிலேயே நல்ல செய்தி சொன்னாய்.

அந்த அம்மையார் புத்தகத்தை மூடி வைக்கத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். மூடியதற்கு மார்க் போடச் சொல்லவில்லை. அதோடு உன் அக்காவுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை என்றால் அந்தக் கணக்குப்படியே பத்துப் பக்கம் பாக்கி இருக்கிறது.

முதல் நாற்பது பக்கம் எவ்வளவு தற்செயலானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' 2006-ல் பத்திரிகைத் தொடராக வந்து 2008-ல் புத்தகமானது. அந்தச் சீனப் புத்தகத்தில் கலாச்சாரப் புரட்சி பற்றிய அத்தியாயங்கள் நடுவில் இருக்கும். கண்ணில் உறுத்தாமல் இருக்கட்டும் என்று உள்ளே தள்ளி வைத்தார்கள். 2014-ல் கென் லியு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் முதலில் நினைத்திருந்தபடியே அவற்றை முன்னால் வைத்தார். அடுத்த வருடம் அதற்கு அறிவியல் கதைகளுக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது. பெய்ஜிங்கில் ஒருவர் நாற்பதாம் பக்கத்தில் விட்டால் அவர் விட்டது ஒரு கதை. சேலத்தில் ஒருவர் அதே நாற்பதில் விட்டால் அது வேறு கதை. இரண்டு பேரும் ஒரே பெயருக்குக் கீழே நட்சத்திரம் போடுவார்கள்.

செவ்வாய்பேட்டைக்காரன்:
பெயரைப் பார்த்து வேற்றுக்கிரகவாசி என்று நினைக்காதீர்கள், எனக்கு மார்க்கெட்டில்தான் கடை. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் படிக்கிற ஆள். பக்கத்துக் கடைக்காரர் சில்லறை கேட்டு வந்தால் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

நம் ஆட்களுக்கு அறிவியல் கதை வந்த வழியைப் பாருங்கள். சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாய் விகடனில் வாராவாரம் வந்தது. தொடர்கதைக்கு நாற்பதாம் பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு கொக்கி இருக்கும். அப்படிப் படித்து வளர்ந்தவர்களிடம் "நூறு பக்கம் பொறுங்கள், அப்புறம் நன்றாக இருக்கும்" என்றால் பொறுப்பார்களா? 'கொண்டை ஊசி' விட்டதில் தப்பே இல்லை.

உலகத்தைக் கட்ட நூறு பக்கம் வேண்டும் என்பதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' 1905-ல் நம் சென்னையிலிருந்து வந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸீன்' என்ற ஆங்கில இதழில்தான் முதலில் அச்சானது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள், வெயிலைப் பிடித்துச் சமைக்கிறார்கள், வானத்தில் வண்டி பறக்கிறது. சின்னக் கதைதான், ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். உலகம் முழுசாக நின்றுவிடுகிறது. சாரமும் இல்லை, மண்ணும் இல்லை.

தட்டுவடை செட்:
ஜீனோ மாதிரி ஒரு நாய் வேண்டும் என்று அழுது அடி வாங்கியவன் நான். அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு.

குகைவாசி:
ஜீனோ எனக்கும் பிடிக்கும். ஆனால் சிறுகதையை நாவலுக்கு எதிரே நிறுத்துவது நியாயமா? தட்டுவடையை வைத்துக்கொண்டு கல்யாணச் சாப்பாட்டை எடை போடுகிறீர்கள்.

செவ்வாய்பேட்டைக்காரன்:
தட்டுவடை செட்டில் பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி எல்லாம் ஒரே வாயில் வருகிறது. கல்யாண வீட்டில் பாயசத்துக்கு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும்.

சரி, சண்டைக்கு நடுவில் ஒன்று. இந்த மாதிரிக் கதைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு, ஞாபகம் இருக்கிறதா? 1952-ல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' படம். அழிந்துபோன மாமத் யானைகள் இந்தியக் காட்டில் திரும்ப வருகிற கதை. நிஜ யானைகளுக்கு ரோமத்தைப் போர்த்தி நடக்க விட்டார்கள். நம் ஊர் வெயிலில் அந்த யானைகள் என்ன பாடு பட்டிருக்கும்!

கொண்டை ஊசி:
அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறேன். கோரிமேடு வருவதற்குள் படிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. நாளைக்குப் பார்க்கிறேன். ரோமம் போர்த்திய யானைக்கு மனசாரக் கண்ணை மூடிக்கொண்டு 5 நட்சத்திரம் போடுவேன். சார், இது பார்க்காமலேயே போடுவது, இதற்கும் தனி இழை தொடங்கிவிடுங்கள்.

குகைவாசி:
தொடங்குவேன். அதற்கு முன் லெ குவினுக்கு வருகிறேன், என் வருத்தம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். "எஸ்ட்ராவன் நம்பத்தகாத ஆள்." இதை உங்களுக்கு யார் சொன்னது? கதையைச் சொல்கிற ஜென்லி ஐ என்பவன்தான். பூமியிலிருந்து தூதராகப் போனவன். கெதென் கிரகத்து மக்கள் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். அதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. எஸ்ட்ராவனிடம் ஏதோ பெண் சாயல் தெரிகிறது, அதனாலேயே நம்ப மறுக்கிறான். முதல் அத்தியாயம் முழுக்க அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அவன் பார்வை தப்பு என்று அவனுக்கும் நமக்கும் தெரிய வருவது வெகு தூரம் தள்ளி, இரண்டு பேரும் பனிமலையைத் தாண்டி நடக்கும்போது. நாற்பதாம் பக்கத்தில் நீங்கள் மூடியதால் அவனுடைய தப்பு அப்படியே உங்கள் விமர்சனத்தில் ஏறிவிட்டது. லெ குவின் வைத்த பொறியில் விழுந்துவிட்டு, பொறி சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு அதை முடிக்க மூன்று முயற்சி ஆயிற்று. முதல் இரண்டு தடவை நானும் உங்களைப் போலத்தான் விட்டேன். அப்போது ஏதாவது எழுதியிருந்தால் இன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்று தெரியவில்லை.

தட்டுவடை செட்:
சார்!!! முடிவை உடைத்துவிட்டீர்களே.

கொண்டை ஊசி:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். என் விமர்சனத்தில் கதையில் ஒரு இழைகூட வெளியே வரவில்லை. நீங்கள் பனிமலை வரை சொல்லிவிட்டீர்கள். இப்போது நம் இரண்டு பேரில் புத்தகத்துக்கு அதிகக் கெடுதல் செய்தது யார்?

குகைவாசி:
அரை நூற்றாண்டு தாண்டிய புத்தகத்துக்கு என்னம்மா ரகசியம்?

கொண்டை ஊசி:
எனக்கு அது போன மாதம் கையில் வந்த புத்தகம். எந்த வருடம் அச்சானது என்பது என் ஆர்வத்துக்குத் தெரியாது.

செவ்வாய்பேட்டைக்காரன்:
ஒரு சந்தேகம் சார். நீங்கள் இரண்டு முறை விட்டீர்களே, மூன்றாவது முறை எடுக்க வைத்தது எது? யாராவது சொன்னார்களா?

குகைவாசி:
நண்பர் ஒருவர், "அந்த ஜென்லியை முழுசாக நம்பாதே, அவன் பார்ப்பதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதே" என்றார். அதை வைத்துக்கொண்டு எடுத்தேன்.

செவ்வாய்பேட்டைக்காரன்:
அப்போது அவரும் உங்களுக்குக் கதையை உடைத்தார். அதனால்தான் நீங்கள் முடித்தீர்கள்.

குகைவாசி:
உடைத்தார் என்று சொல்ல மாட்டேன். கதவைக் காட்டினார்.

தட்டுவடை செட்:
நீங்கள் காட்டினால் கதவு, நாங்கள் காட்டினால் உடைப்பு.

கொண்டை ஊசி:
நேற்று ராத்திரி இந்த இழையைப் படித்துவிட்டு, இன்று காலை பையில் அதே புத்தகத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோபத்தில்தான். முதல் பக்கத்திலிருந்து. மன்னர் ஊர்வலம், மழை, எஸ்ட்ராவன் பக்கத்தில் நின்று பேசுகிறார். போன தடவை அவர் பேச்சு எல்லாம் மழுப்பல் என்று தோன்றியது. இன்று அவர் தெளிவாகத்தான் எச்சரிக்கிறார், ஜென்லியின் காதில்தான் விழவில்லை. அடிவாரத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். பதினான்காவது வளைவில் பனி இறங்கி எதிரே வந்த லாரி தெரியாமல் டிரைவர் பிரேக் போட்டார். அப்போதும் எஸ்ட்ராவன்தான் மனதில் இருந்தார், காய்கறிக் கடை வரவில்லை.

ஆனாலும் ஒன்று. இந்த இரண்டாம் வாசிப்பு நீங்கள் சொல்லிக் கொடுத்த வாசிப்பு. யாரும் சொல்லாமல் எடுப்பவருக்கு முதல் நாற்பது பக்கம் எனக்கு இருந்த மாதிரித்தான் இருக்கும். அவருக்கும் யாராவது அதைச் சொல்ல வேண்டும். அதனால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன், எழுதியதை எடுக்கவில்லை. மற்ற 22-க்கும் அப்படியே, நட்சத்திரம் மட்டும் போயிற்று.

குகைவாசி:
நட்சத்திரம் போனது சந்தோஷம். மேலே தலைப்பில் 'விமர்சனம்' என்று இன்னும் நிற்கிறதே. முழுசாகப் படித்தவன் எழுதினால் மதிப்புரை. அதோடு மல்லுக்கட்டினால் விமர்சனம். நீங்கள் எழுதியது வாசிப்புக் குறிப்பு. அந்தச் சொல்லைப் போட்டால் நான் இந்த இழையை மூடிவிடுகிறேன்.

கொண்டை ஊசி:
மூன்று நாள் மலை ஏறி இறங்கி மல்லுக்கட்டியிருக்கிறேன் சார். விமர்சனம் என்றே இருக்கட்டும்.

செவ்வாய்பேட்டைக்காரன்:
இழையை மூட வேண்டாம், 'காடு' படம் யாரிடமாவது இருக்கிறதா?