செங்காந்தள் கொடி காய்ந்துவிட்டது: கிழங்கு மீண்டும் துளிர்க்குமா?

கேள்வி: தொட்டித்தோட்டம்

தொட்டியில் நட்ட செங்காந்தள் கிழங்கு ஒன்று நன்றாகக் கொடியோடிப் பத்துக்கும் மேற்பட்ட பூக்களைத் தந்தது. பூத்து ஓய்ந்த சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கவே, நீர் போதவில்லையோ என்று எண்ணி நாள்தோறும் இருவேளை ஊற்றினேன். அப்படியும் தண்டு முழுவதும் காய்ந்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மனம் கேளாமல் மண்ணைக் கிளறியதில், கிழங்கின் ஒரு கவையின் நுனி விரல்நுனி அளவுக்கு முறிந்துபோனது. முறிந்த இடம் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. செடி செத்துவிட்டதா? முறிந்த துண்டைத் தனியாக நடலாமா?

மறுமொழி: கொடிப்பந்தல்

செடி சாகவில்லை, உறங்கப் போயிருக்கிறது. காந்தள் ஆண்டுதோறும் தரைக்கு மேலுள்ள பகுதி முழுவதையும் காயவிட்டுக் கிழங்காக மட்டும் சில மாதங்கள் கிடக்கும் இயல்புடையது. நீங்கள் நட்ட பழைய கிழங்கு சுருங்கிச் சக்கையாகியிருக்கும். இப்போது கையில் இருப்பது இந்தப் பருவத்தில் உருவான புதுக் கிழங்கு. இலை மஞ்சளாகும்போது நீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருக்க வேண்டும். உறங்கும் கிழங்கு ஈர மண்ணில் அழுகிவிடும் என்பதால், உங்களுடையது கெட்டியாக இருப்பதே நல்வாய்ப்புதான்.

முறிவைப் பற்றிச் சொல்வதானால், கலப்பை போல் வளைந்திருக்கும் இந்தக் கிழங்கில் (கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால் வந்தது) ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. உருளைக்கிழங்கைப் போல எங்கே வெட்டினாலும் முளைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நுனி போன கவையை நம்ப வேண்டாம். மற்றொரு கவை முழுதாக இருந்தால் கொடி அதிலிருந்து வரும். முறிந்த துண்டில் கண் இருந்தாலும், அவ்வளவு சிறிய துண்டில் பூக்கும் அளவுக்குச் சேமிப்பு இருக்காது.

மறுமொழி: ஈரமண்

கிழங்கை வெறுங்கையால் கையாண்டிருந்தால் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவிவிடுங்கள். செடி முழுவதுமே நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் உயிரைப் பறிக்கக்கூடியது. சமையலுக்குரிய கிழங்கென்று தவறாக எண்ணி உண்டு இறந்தவர்கள் உண்டு. ஆகவே, எடுத்து வைக்கும் கிழங்கின் மேல் பெயர் எழுதி, குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மறுமொழி: வேலியோரம்

தொட்டியிலேயே கிழங்கை விட்டுவைப்பதுதான் நல்லது என்பார்கள். மழை படாத இடமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். நீங்கள் ஏற்கெனவே தோண்டிவிட்டதாலும், மண் ஊறிக் கிடப்பதாலும், முறிந்த முனை காயும் வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துப் பிறகு உலர்ந்த மணலில் புதைத்துவிடுங்கள். கண் பருத்து வெளிறிய முளை எட்டிப் பார்க்கும்போது, முளை ஒடியாதபடி கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து, மேலே மூன்று விரற்கடை மண் இருக்குமாறு நட வேண்டும். நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும், ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியும் தேவை.

பற்றுக்கோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பிடித்துக்கொள்கிறது. அந்தச் சுருள் அவ்வளவு சிறியது என்பதால் பருத்த மூங்கிலை அதனால் பிடிக்க முடியாது. முளை வரும் முன்பே மெல்லிய கம்பியோ நூல்வலையோ கட்டிவிடுங்கள், பிறகு குத்தினால் கிழங்கில்தான் இறங்கும்.

கேள்வி கேட்டவர்: தொட்டித்தோட்டம்

அனைவருக்கும் நன்றி. மற்றொரு கவையின் நுனி பழுதில்லாமல் இருக்கிறது, மணலில் புதைத்துவிட்டேன். இருந்த பூக்களில் ஒன்றுகூடக் காய்க்கவில்லையே, அது ஏன்?

மறுமொழி: கொடிப்பந்தல்

பூவை உற்றுப் பாருங்கள். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடங்கியிருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாகத் திரும்பி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். பூச்சி வராத இடத்தில், மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் தடவினால் காய் பிடிக்கும். ஆனால் விதையிலிருந்து பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், பூ மட்டும் போதும் என்றால் வாடியவற்றைக் கிள்ளிவிட்டு, இலைகளை மட்டும் தாமாகக் காயும் வரை விட்டுவையுங்கள்; அடுத்த ஆண்டுக்கான கிழங்கைப் பருக்கவைப்பவை அவைதான்.