மேல்மாடி ரயில்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பானு அத்தை: அண்ணி, மேல்மாடி அறையில் அண்ணன் அமைத்த மாதிரி ரயிலைப் பிரித்து விற்கப் போகிறீர்கள் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. உண்மைதானா என்று நீங்களே இங்கே சொல்லிவிட்டால் நல்லது.

பெரியம்மா: விற்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, பானு. பழைய மாதிரி ரயில்களைச் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்தார். இன்ஜின்களை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், தண்டவாளம் பதித்த பலகை தமக்கு வேண்டாம் என்றும் சொன்னார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மாத இறுதிக்குள் அந்த அறையைக் காலி செய்தாக வேண்டும் என்பது மட்டும் உண்மை.

நிலா: பெரியம்மா, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

சேகர் சித்தப்பா: வெளியாருக்கு ஏன் கொடுக்க வேண்டும், அண்ணி? ஆளுக்கு ஓர் இன்ஜின் எடுத்துக்கொள்வோம். அண்ணனின் நினைவாக எல்லோர் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கட்டும். பச்சை இன்ஜின் எனக்கு. அதை அண்ணனுக்கு வாங்கித் தந்தவன் நான்.

பானு அத்தை: அந்தப் பச்சை இன்ஜினுக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன், தம்பி.

சேகர் சித்தப்பா: அந்தக் கணக்கைத் தனியாகப் பேசிக்கொள்வோம், அக்கா.

கதிர்: எல்லோருக்கும் வணக்கம். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை, சித்தப்பா. இன்ஜின்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தவை, அவற்றைப் போன்றவை இன்றும் யாரிடமாவது இருக்கும். ஆனால் சுரங்கத்துக்குள் மறைந்து திரும்பும் அந்த வளைவும், ஸ்டேஷனுக்கு முன்னால் உள்ள மெல்லிய ஏற்றமும், தண்டவாளம் கிளை பிரியும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் பலகையின் அடியில் பெரியப்பா இழுத்த கம்பிகளும் உலகத்தில் அந்த ஓர் அறையில் மட்டும்தான் இருக்கின்றன. அவருடைய உழைப்பு முழுவதும் பாதையில் கிடக்கிறது. இன்ஜினைத் தனியாக எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பெரியப்பாவின் நினைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அருண்: எனக்கும் அதே எண்ணம்தான், அம்மா.

முகில்: ஆனால் அது பழைய விளையாட்டுப் பொருள்தானே, அண்ணா? நிலா அக்கா அதை ஏன் எப்போதும் பேசும் ரயில் இன்ஜின்கள் வரும் தாமஸ் தொடரோடு சேர்த்துப் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. தாமஸ் கணினியில் வரைந்த படம் அல்லவா?

கதிர்: நீ பார்த்தது 2009க்குப் பிறகு வந்த கணினி வரைகலை, முகில். நாங்கள் பார்த்தது பிரிட் ஆல்கிராஃப்ட் உருவாக்கி, டேவிட் மிட்டன் இயக்கி, 1984இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய பழைய தொடர். அதில் திரையில் ஓடியவை மாதிரி ரயில்கள். தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர் அகலம், உண்மை ரயிலில் 32இல் ஒரு பங்கு அளவு, தொடக்க காலத்து இன்ஜின்களின் அடியில் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனத்தின் சக்கரச் சட்டம். கண்கள் ரேடியோ கட்டுப்பாட்டில் இடமும் வலமும் திரும்பும், ஆனால் வாய் அசையாது. கோபமாக இருந்த இன்ஜின் அடுத்த காட்சியில் சிரிக்க வேண்டுமானால் அந்த முகத்தைக் கழற்றிவிட்டு வேறொரு முகத்தைப் பொருத்துவார்கள். புகைபோக்கியில் வந்த புகையும் உள்ளே வைத்த சிறு கருவியிலிருந்து வந்த புகைதான். ஆகவே நாங்கள் திரையில் பார்த்ததும், மேல்மாடியில் பெரியப்பா எங்கள் கண்முன் ஓட்டியதும் ஒரே வகைப் பொருள். கேசட்டை நிறுத்திவிட்டுப் படியேறினால் அதே உலகம் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருந்தது.

நிலா: வாய் அசையாமல் அவை பேசியது அந்த வயதில் எனக்கு உறுத்தவே இல்லை.

சேகர் சித்தப்பா: எல்லோருக்குமாகக் கதை சொன்னது ஒரே குரல். முதல் இரண்டு தொகுதிகளில் அது பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருடைய குரல். அண்ணன் குழந்தைகளோடு உட்கார்ந்ததே அந்தக் குரலைக் கேட்கத்தான்.

பெரியம்மா: அவர் ரயிலைப் பார்க்க உட்கார்ந்தார், தம்பி. குரல் உங்களுக்குத்தான் பிடித்தது.

பானு அத்தை: ஒரு காகித இன்ஜின் வரும் தொடரும் கேசட்டில் இருந்ததே, அது எது?

சேகர் சித்தப்பா: ஐவர் தி இன்ஜின். ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபர்மின் இருவரும் அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்திச் செய்தது. 1959இல் கறுப்பு வெள்ளையில் வந்தது, 1970களில் வண்ணத்தில் மீண்டும் எடுத்தார்கள். இன்ஜின் மூச்சுவிடும் சத்தத்தைப் போஸ்ட்கேட் தம் வாயாலேயே எழுப்பினார்.

பெரியம்மா: அறையைப் பற்றிப் பேசுங்கள்.

நிலா: அறையைப் பற்றித்தான் நானும் சொல்ல வருகிறேன், பெரியம்மா. முகிலுக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. தாமஸ் தொடரில் ஹென்றி என்ற பச்சை இன்ஜின், மழையில் தன் வண்ணம் கெட்டுவிடும் என்று பயந்து சுரங்கத்தை விட்டு வெளியே வர மறுக்கும். கடைசியில் தண்டவாளத்தைப் பிடுங்கி, சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிடுவார்கள். அத்துடன் அந்தக் கதை முடிந்துவிடும். ஹென்றி வெளியே வருவது அடுத்த கதையில், எங்கள் வீட்டில் அது இரண்டாவது கேசட்டில் இருந்தது. அந்தக் கேசட்டின் மேல்தான் அத்தையின் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டார்கள்.

பானு அத்தை: இத்தனை ஆண்டுகளாகியும் அதை நீங்கள் விடவில்லை. கேசட்டை எடுத்துக் கொடுத்தது நான் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

சேகர் சித்தப்பா: வெற்றுக் கேசட் என்று என்னிடம் கொடுக்கப்பட்டது. யார் கொடுத்தார்கள் என்று இப்போது பேச வேண்டாம்.

நிலா: நான் குறை சொல்லவில்லை, அத்தை. நானும் கதிர் அண்ணனும் ஹென்றி சுவருக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது என்று நம்பி அழுதோம். அப்போது பெரியப்பா எங்களை மேலே அழைத்துப்போய், பச்சை இன்ஜினைச் சுரங்கத்துக்குள் நிறுத்தி, சுரங்கத்தின் வாயை அட்டையால் மூடி, மிச்சக் கதையை ஓட்டியே காட்டினார். எக்ஸ்பிரஸை இழுத்த கோர்டன் என்ற இன்ஜினின் பாதுகாப்பு வால்வு வெடித்துவிடும், சிறிய இன்ஜினான எட்வர்டால் அந்தப் பெட்டிகளைத் தனியாக இழுக்க முடியாது, ஹென்றியை வெளியே விட்டு இருவரும் சேர்ந்து இழுப்பார்கள். அட்டையை எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். அந்தக் கதையின் முடிவை நான் திரையில் பார்த்தது மிகவும் பிற்பாடுதான். எனக்கு அது மேல்மாடியில் நடந்த கதை.

கதிர்: அதனால்தான் பச்சை இன்ஜினையும் அந்தச் சுரங்கத்தையும் பிரிக்கக் கூடாது என்கிறேன்.

முகில்: இது எனக்கு யாரும் சொன்னதில்லை.

சேகர் சித்தப்பா: எனக்கும் தெரியாது. நான் அப்போது அந்த வீட்டில் இல்லை. அண்ணனும் நானும் பேசாமல் இருந்த காலம் அது.

பெரியம்மா: அப்போதும் நீங்கள் வாங்கித் தந்த இன்ஜினைத்தான் அவர் ஓட்டினார், தம்பி.

கதிர்: சித்தப்பா, தாமஸ் தொடரின் மூலக் கதைகளை எழுதிய வில்பர்ட் ஆட்ரியையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். தட்டம்மையில் படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்காக அவர் சொல்லத் தொடங்கிய கதைகள்தான் 1945இல் முதல் புத்தகமாக வந்தன. அவரே வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைத்தவர், அதைக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்று மக்கள் முன்னால் ஓட்டியவர். வேல்ஸில் மூடப்படவிருந்த டாலிலின் ரயில் பாதையைத் தன்னார்வலர்கள் 1951இல் எடுத்து நடத்தத் தொடங்கியபோது அவரும் அங்கே போய் வேலை செய்தார். பழைய ரயிலைக் காப்பது என்றால் ஓட வைப்பது என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பாதையையும் அப்படித்தான் காக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அருண்: ஓட்டுவது என்று முடிவானால், டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற்றிவிடலாமா? ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்டலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கதிர்: இப்போது வேண்டாம், அருண். பெரியப்பாவின் பாதை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. கன்ட்ரோலரைத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்னழுத்தம் ஏறி இன்ஜின் வேகம் கூடும், மின்முனைகளை மாற்றினால் பின்னோக்கிப் போகும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரமும் இருக்கும், இன்ஜினுக்குள் வைத்த டிகோடர் என்ற சிறு மின்னணுக் கருவிதான் தனக்கு வந்த கட்டளையைப் பிரித்தறிந்து மோட்டாரை ஓட்டும். பழைய இன்ஜின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். அதைத் தனிமைப்படுத்தாமல் டிகோடரைப் பொருத்தினால் டிகோடர் எரிந்துவிடும். எனவே முதலில் பழைய முறையிலேயே ஓட வைப்போம். அதற்குத் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பல்சக்கரங்களில் இறுகிப்போன பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் போதும். ஓடாத இன்ஜின் என்று அந்தச் சேகரிப்பாளர் ஒதுக்கியதுகூட இதனாலேயே நின்றிருக்கக்கூடும்.

முகில்: தொடரில் வந்த உண்மையான தாமஸ் நம் பாதையில் ஓடுமா?

கதிர்: ஓடாது. நம்முடையது ஓஓ என்ற சிறிய மாதிரி ரயில் அளவு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். இன்ஜினின் உடல் உண்மை இன்ஜினில் 76இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை என்பதால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் சற்றுப் பெரிதாக்கினார்கள். அதனால்தான் பெரியப்பாவின் இன்ஜின்களை நேர் எதிரே நின்று பார்த்தால் பாதை கொஞ்சம் குறுகலாகத் தெரியும்.

பானு அத்தை: கதிர், பலகையை எங்கே வைப்பது என்று சொல். எங்கள் வீட்டில் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது.

நிலா: எங்கள் வீட்டிலும் நீளமான சுவர் ஒன்று இருக்கிறது, ஆனால் அகலம் கிடைக்காது.

கதிர்: அகலம்தான் முக்கியம். மிக இறுக்கமான வளைவுக்கே 371 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். ரயில் திரும்பி வர, ஓரங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தேவை, அதிலும் நீண்ட பெட்டிகள் அந்த வளைவில் நன்றாக ஓடுவதில்லை. பெரியப்பா அதைவிடத் தாராளமாகவே வளைத்திருக்கிறார். அத்தையின் முன்னறைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சேகர் சித்தப்பா: எல்லாமே அக்கா வீட்டுக்கா?

பானு அத்தை: வேறு யாரிடமும் அறை இல்லை என்றால் நான் என்ன செய்யட்டும், தம்பி?

அருண்: சித்தப்பா, தற்காலிகமாக அங்கே வைப்போம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா அந்தப் பலகையை மூன்று பகுதிகளாகக் கட்டி, போல்ட் போட்டு இணைத்திருக்கிறார். மேலே பூசிய மலைச்சரிவு இணைப்புகளை மூடியிருக்கும். தண்டவாளத்தை இணைப்பின் நேரே மெல்லிய ரம்பத்தால் அறுத்தால் போதும்.

கதிர்: அறுப்பதற்கு முன்னால் அடியில் உள்ள ஒவ்வொரு கம்பிக்கும் இரு பக்கமும் எண் ஒட்டிப் படம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப இணைக்கவே முடியாது. இன்ஜின்களை ஸ்பாஞ்சில் சுற்றாதீர்கள், நாளடைவில் அது கரைந்து வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அமிலம் சேராத மெல்லிய தாளில் சுற்றுங்கள். மிகப் பழைய இன்ஜின்களின் வார்ப்புச் சட்டத்தில் விரிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகமே உப்பி நொறுங்கும், அப்படிப்பட்டதைத் தூக்கும்போதே உடைந்துவிடும்.

பெரியம்மா: இவ்வளவு எனக்கு நினைவில் நிற்காது, கதிர். நீயே வந்து செய். அந்தச் சேகரிப்பாளரிடம் மாத இறுதி வரை பொறுக்கச் சொல்கிறேன்.

நிலா: இல்லை என்றே சொல்லிவிடக் கூடாதா, பெரியம்மா?

பெரியம்மா: பலகை அறையை விட்டுப் பத்திரமாக வெளியே வரட்டும், பிறகு சொல்கிறேன். படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்புமா என்பதே எனக்குச் சந்தேகம். முகில், நீ நாளை வந்து அளந்து பார்.

முகில்: வருகிறேன், அத்தை. கன்ட்ரோலரைப் போட்டுப் பார்க்கலாமா?

கதிர்: தண்டவாளத்தைத் துடைத்த பிறகு போடு.

சேகர் சித்தப்பா: நானும் வருகிறேன். பச்சை இன்ஜின் சுரங்கத்தோடு போகட்டும், அதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் பெட்டியில் என் பெயரை எழுதி வைப்பேன்.

பானு அத்தை: இரண்டு பெயரையும் எழுது, தம்பி.