தொட்டில் குழந்தை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சேலம், ஓய்வுபெற்ற நர்ஸ்:
1992-ல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தொட்டில் குழந்தைத் திட்டம் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. வளர்க்க முடியாத பெண் குழந்தையைக் கொல்லாமல், அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் திட்டம். கள்ளிப்பாலுக்கும் நெல்மணிக்கும் பெண் குழந்தைகள் போய்க்கொண்டிருந்த காலம். இருட்டில் யாரோ வந்து போட்டுவிட்டு ஓடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் தொட்டிலில் போட மனசு வராமல் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்களே அதிகம்.

ஒரு மார்கழி விடியற்காலை. நைட் டியூட்டி முடிகிற நேரம். ஒரு பாட்டி வயர் கூடையோடு வந்து நின்றார். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய குழந்தை. தொப்புள்கொடியை வெள்ளை நூலால் கட்டியிருந்தார்கள், வீட்டுப் பிரசவம். “மூணாவதும் பொட்டப்புள்ளைங்க சிஸ்டரு” என்றார். பேர், ஊர் கேட்டு யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “தாய்ப்பால் குடுத்தாச்சா பாட்டி?”

“குடுத்தா அவ விடமாட்டாளுங்க.”

குழந்தையைத் தூக்கி எடை போட்டேன், இரண்டு கிலோ கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் பாட்டி போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மறுபடி வந்தார். மனசு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். கூடையை மறந்துவிட்டாராம்.

பெண் பிள்ளையைக் கைவிட அரசே வழி காட்டுகிறதா என்று அப்போது பலர் திட்டினார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பாட்டியிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

தேனி, குழந்தைகள் நலப் பணியில் இருந்தவர்:
போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் இன்றும் சிலர் புதரில் போடுகிறார்கள். நிஜத்தில் புதரில் போடுவதுதான் குற்றம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைக்கலாம், பெற்றவர்கள் மீது எஃப்.ஐ.ஆர். கிடையாது. மனசு மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. என் அனுபவத்தில் ஒரு பெண் ஐம்பத்தெட்டாவது நாள் வந்தாள். வரும்போதே கொலுசு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆனால் ஒப்படைப்பில் ஆலோசனை, பத்திரம், கையெழுத்து எல்லாம் உண்டு. ரகசியம் காப்பார்கள் என்று எவ்வளவு சொன்னாலும், கல்யாணம் ஆகாத பெண் அந்தக் கையெழுத்துக்கே நடுங்குவாள். தொட்டில் எதையும் கேட்காது. இரண்டுமே வேண்டும் என்பேன். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

கோவை, தத்தெடுத்த அப்பா:
என் மகள் தர்மபுரித் தொட்டிலில் கிடைத்தவள். பிறந்த தேதியே டாக்டர் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டதுதான். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்கும்போதெல்லாம் முன்பு நான் திணறுவேன். இப்போது அவளே முந்திக்கொள்கிறாள்: “சாமி பேருக்கே பண்ணிடுங்க.”