அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) ஆட்டக்காரர் கோச்சாகி, பிறகு அத்லெடிக் டைரக்டர் (விளையாட்டுத் துறைத் தலைவர்) ஆவது எப்படி? மூவர் புனைபெயரில் பேசும் கேள்வி-பதில்.

மூன்றாம் டவுன்:
அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 2 (இரண்டாம் நிலை) கல்லூரி அணியில் லைன்பேக்கராக (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) நான்கு சீசன் ஆடி முடிக்கும் மாணவர். என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) வாய்ப்பு கிடையாது. கோச்சிங்கில் நுழைந்து, பிற்காலத்தில் ஒரு கல்லூரியின் அத்லெடிக் டைரக்டர் ஆக வேண்டும் என்பது இலக்கு. முதல் வேலையாக எதைத் தேடலாம்? முதுகலை அவசியமா? ஆட்டக்காரராகத் தொடங்கி விஸ்கான்சினில் கோச்சாகி, டைரக்டரும் ஆன பேரி ஆல்வரெஸ் போன வழி இன்றும் திறந்திருக்கிறதா?

ஹாஷ் மார்க்:
முதல் வேலை கிராஜுவேட் அசிஸ்டன்ட், அதாவது ஜி.ஏ. முதுகலையில் சேர்ந்தால்தான் அந்தப் பதவி, எனவே இரண்டாவது கேள்விக்கும் இதுவே பதில். படிப்புச் செலவைப் பெரும்பாலும் கல்லூரி ஏற்கும். கையில் வருவது சொற்பம். கோச்சுகள் இடம் மாறுவது டிசம்பர், ஜனவரியில்தான் அதிகம். அதனால் ஜனவரியில் நடக்கும் ஏ.எஃப்.சி.ஏ. (ஃபுட்பால் கோச்சுகள் சங்கம்) மாநாட்டுக்கு முன்பே கடிதங்கள் போயிருக்க வேண்டும்.

ஜி.ஏ.வின் தரம் தெரிவது வீடியோ மேசையில். எதிரணி ஆடிய ஒவ்வொரு பிளேக்கும் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), மீதித் தூரம், ஹாஷ் (மைதானத்தின் இடது, வலது குறிக்கோடுகளில் பந்து எதில் என்பது), பெர்சனல் (களத்தில் இறங்கிய ஆட்டக்காரர் வகை), ஃபார்மேஷன் (அவர்கள் நிற்கும் அமைப்பு), மோஷன் (பிளே தொடங்கும் முன் நகர்வு), கிடைத்த யார்டு எல்லாம் பதிய வேண்டும். "3வது டவுன், 7 யார்டு, இடது ஹாஷ், 11 பெர்சனல்" என்று ஒரு வரி. 11 என்றால் ஒரு ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்), ஒரு டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்).

அதிகம் தப்பாவது ஹாஷ். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு ஹாஷும் தன் பக்கக் கோட்டிலிருந்து 60 அடியில் இருக்கும். பந்து இடது ஹாஷில் என்றால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. இடதை வலது என்று பதிந்துவிட்டால், அகலமான பக்கம் ஓடும் அணி குறுகிய பக்கம் ஓடுவதாக அறிக்கை சொல்லும். 3வது டவுன், 7 யார்டுக்கு மொத்தமே பத்துப் பன்னிரண்டு பிளேதான் தேறும். அதில் மூன்று தப்பினால் வியாழக்கிழமை பயிற்சியே வேறு திசையில் போகும். காரணம் எளிது: குவார்ட்டர் மாறும்போது அணிகள் திசை மாறும், பக்கக் கேமராவில் இடது வலதாகிவிடும். இடது, வலது தாக்கும் அணியின் பார்வையிலா, தடுக்கும் அணியின் பார்வையிலா என்று முதல் நாளே கோஆர்டினேட்டரிடம் (தாக்குதலையோ தடுப்பையோ வகுக்கும் கோச்) கேட்டுக்கொள்ளுங்கள்.

இணக்க மேசை:
ஆல்வரெஸ் நெப்ராஸ்காவில் லைன்பேக்கர். பள்ளிக் கோச், அயோவாவில் ஹேடன் ஃப்ரையின் உதவியாளர், நோட்ரே டேமில் லூ ஹோல்ட்ஸின் கீழ் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், பிறகு 1990இல் விஸ்கான்சின் தலைமைக் கோச். முதல் சீசன் 1 வெற்றி, 10 தோல்வி. 2004இல் அத்லெடிக் டைரக்டர் பதவியும் சேர்ந்தது. 2021 வரை அதில் இருந்தார். டென்னசியில் ஆடி, அங்கேயே தலைமைக் கோச்சாகவும் இருந்த ஃபிலிப் ஃபுல்மரும் 2017இல் அதே கல்லூரியின் டைரக்டரானார். ஆனால் இருவருக்கும் பின்னால் அதே ஊரில் பல ஆண்டு வெற்றி இருந்தது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இப்போது டைரக்டரைத் தேடும் கல்லூரித் தலைவர் முதலில் பார்ப்பது பணம் கையாளும் திறமையை. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரி 2025-26இல் வீரர்களுக்கு நேரடியாக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். அந்தத் தொகை எங்கிருந்து வரும், எந்த விளையாட்டுக்கு எவ்வளவு, ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 9 சட்டத்துக்கு என்ன பதில் என்பதையெல்லாம் பேசத் தெரியாதவருக்கு நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே ஜி.ஏ.வாக இருக்கும்போதே விதிமுறை அலுவலகத்தின் பயிற்சி நேரப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை, அதனால் கிடைக்கும். சீசனில் வீரருக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான், வாரம் ஒரு நாள் விடுமுறை. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே கணக்கு. கோச்சுடன் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது சேரும். பயணமும் சிகிச்சையும் சேராது. கோளாறு வருவது "விருப்பப் பயிற்சி"யில். கோச் வருகைப் பதிவு எடுத்த நிமிடமே அது விருப்பப் பயிற்சி இல்லை.

மூன்றாம் டவுன்:
நன்றி. ஜி.ஏ. முடிந்ததும் பெரிய கல்லூரியில் அனலிஸ்ட்டா (ஆட்டங்களை ஆராய்பவர்), சிறிய கல்லூரியில் பொசிஷன் கோச்சா (ஒரு வகை ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிப்பவர்)?

ஹாஷ் மார்க்:
கோச்சிங் மட்டும் என்றால் அனலிஸ்ட். 2024இல் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டு அமைப்பு) விதியைத் தளர்த்தியபின் எஃப்.பி.எஸ். (டிவிஷன் 1 ஃபுட்பாலின் மேல் நிலை) அணிகளில் அனலிஸ்ட்டும் களத்தில் கற்றுக்கொடுக்கலாம். வெளியூர் போய் வீரர்களைச் சேர்க்கும் ரெக்ரூட்டிங் மட்டும் தலைமைக் கோச்சுக்கும் 10 உதவியாளர்களுக்கும்தான்.

இணக்க மேசை:
டைரக்டர் பதவிதான் இலக்கென்றால் சிறிய கல்லூரியே என் தேர்வு, இதில் ஹாஷ் மார்க்குடன் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. டிவிஷன் 3இல் ஒரு கோச்சுக்கு இரண்டாவது பொறுப்பு தருவது வழக்கம். சேரும்போதே அதை எழுத்தில் கேளுங்கள். மைதான ஒதுக்கீடு வேண்டாம், பட்ஜெட் கேளுங்கள்: பேருந்து, தங்கும் விடுதி, ஹெல்மெட் புதுப்பிப்பு எல்லாம் கையெழுத்தாகும் தாள் அது. தலைமைக் கோச்சை நீக்கினால் அவருடைய உதவியாளர்களும் வழக்கமாகக் கிளம்ப வேண்டியதுதான். நிர்வாகப் பொறுப்பு தனி ஒப்பந்தமாக இருந்தால் அது தங்கும். கோச்சிங் ஒப்பந்தத்துக்குள் ஒரு வரியாக இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். கையெழுத்திடும் முன் அந்த ஒரு பக்கத்தை மனிதவளத் துறையிடம் காட்டிக் கேளுங்கள்.