1974 பெட்டிக்குள் பகடையே கிடையாது ஐயா!

பழம்பெட்டி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் முதல் பெட்டியைத் திறந்ததும் 1 முதல் 20 வரை எண் போட்ட பகடை உருண்டு வந்ததாம். பக்கத்து இழையில் ஒரு மகான் அருளியிருக்கிறார். முதல் அச்சு 1000 பெட்டி, விலை 10 டாலர், உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். பகடை தனியாக வாங்க வேண்டும். அதிலும் இருபது முகத்தில் 0 முதல் 9 வரைதான், இரண்டு தடவை. ஒரு செட் எண்களில் கிரேயான் தேய்க்க வேண்டும். அந்த நிறம் விழுந்தால் 10 கூட்டு. நிறமில்லாத 0 என்றால் 10, நிறமுள்ள 0 என்றால் 20.

குகைவாசி:
கிரேயான் எதற்கு? கூடவே ஒரு ஆறு முகப் பகடையை உருட்டு. 1-3 வந்தால் அப்படியே, 4-6 வந்தால் 10 கூட்டு. முடிந்தது.

பழம்பெட்டி:
ஒரு வாள் வீச்சுக்கு இரண்டு பகடையா? ஒன்று மேசைக்கடியில் ஓடினால் இரண்டையும் திரும்ப உருட்டுவீர்களா? கிரேயான்தான் சரி.

சும்மாதான்கேட்டேன்:
இரண்டு பகடை போட்டால் நிகழ்தகவு மாறாதா?

குகைவாசி:
பத்தில் ஒன்று பெருக்கல் இரண்டில் ஒன்று, இருபதில் ஒன்று. எங்கே மாறுகிறது? கிரேயானில்தான் வம்பு. கவனமில்லாமல் இரண்டு 7-க்கும் நிறம் தேய்த்தால் 17 விழ 10 சதவீதம், 7 விழவே விழாது.

பழம்பெட்டி:
எண்ணத் தெரியாதவர் கையில் கிரேயான் கொடுத்தால் அப்படித்தான். வெளிர் பகடைக்கு அடர் நிறம். பள்ளம் நிறையத் தேய்த்து, மேலே வழிந்த மெழுகைத் துணியால் குறுக்கே துடைக்கணும். நேராகத் துடைத்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும்.

குகைவாசி:
அந்த மட்ட பிளாஸ்டிக்கில் எத்தனை நாள் நிற்கும்? முனை மழுங்கி, பகடை கோலி மாதிரி ஓடும். மெழுகும் உதிரும்.

பழம்பெட்டி:
உதிர்ந்தால் மறுபடி தேய். கிரேயானுக்கா பஞ்சம்?

பிளாக்மூர்_தாசன்:
இரண்டு பேரும் விதியைப் படியுங்கள். இருபது முகப் பகடையே அதில் மாற்று முறைதான். மூலமுறை 1971-இல் வந்த செயின்மெயில் என்ற பொம்மைப் படைப் போர் விதிநூல், அதில் ஆறு முகம்தான். சேதக் கணக்கும் எல்லா ஆயுதத்துக்கும் ஆறு முகம், 1975-இல் கிரேஹாக் துணைநூல் வரும் வரை. இன்னொன்று, பெட்டி அட்டையில் ஆசிரியராக கைகாக்ஸோடு ஆர்னசன் பெயரும் இருக்கிறது. அதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

பழம்பெட்டி:
வந்துவிட்டார். கிரேயான் பற்றிப் பேசினாலும் ஆர்னசனா? செயின்மெயில் கைகாக்ஸும் பெரனும் எழுதியது. போன மாதமும் இதே பாட்டுத்தான்.

பிளாக்மூர்_தாசன்:
பாட்டு இல்லை. ராயல்டிக்காக 1979-இல் ஆர்னசன் வழக்குப் போட்டது எதற்கு? வெஸ்லி நடத்திய பிரவுன்ஸ்டைன் ஆட்டம் 1969. அது இல்லாமல் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டம் இல்லை, பிளாக்மூர் இல்லாமல் உங்கள் பெட்டியே இல்லை.

சும்மாதான்கேட்டேன்:
கிரேயானில் 6, 9 எப்படிப் பிரிப்பது?

பழம்பெட்டி:
அடியில் புள்ளியோ கோடோ இருக்கும். இல்லையென்றால் ஊசியால் கீறிவிட்டு, அதற்குள்ளும் கிரேயான்.

குகைவாசி:
ஊசியும் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆறு முகப் பகடை போதும் என்கிறேன்.

பழம்பெட்டி:
கிரேயான்.