புதுப்பிப்பு: அக்காவின் விவாகரத்துத் தீர்ப்பு

போன முறை அக்காவின் வழக்கைப் பற்றி எழுதி, தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தேன். முடியவில்லை.

கிளிநொச்சியில் மாவட்ட நீதிமன்றம் தந்தது டிக்ரி நிசி, அதாவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றான தீர்ப்பாகும். அதுவரை சட்டப்படி அவர்கள் கணவன் மனைவிதான். யாராவது மறுமணம் செய்தால் செல்லாது. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போனது.

அப்புறம் காசு விஷயம். பிள்ளைக்கான தாபரிப்பு, அதாவது பராமரிப்புக் காசு, விவாகரத்தோடு நின்றுவிடாது. இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, தகப்பன் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18 முதல் 25 வயது வரையும் கேட்கலாம். இது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தில் இருவர் பெயரும் உண்டு. பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்த அந்த உறுதியை அக்கா நேற்று விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தீர்ப்பு வந்ததால் மட்டும் அதில் பெயர் மாறாது. வங்கியில் இருக்கும் கூட்டுக் கணக்கும் அப்படித்தான். வழக்கு நடக்கும்போதே லோயரிடம் இவற்றைக் கேளுங்கள். நாங்கள் பிந்திவிட்டோம். திங்கட்கிழமை, காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகிறோம்.